ஒரு பெட்டி தோட்டாவும் ஆயிரத்து இருநூறு கூட்டாளிகளும்

இனி வரப்போகும் கதையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வலது கையை உயர்த்தி, இடது கையை வேதப் புத்தகத்தின் மேல் வைத்து, பிட்டர் கிரீக் மாதா கோவிலில், பாதிரியாரின் முன்னிலையில் இதற்குச் சத்தியம் செய்யப்பட்டிருக்கிறது. பாதிரியார் அப்போது சாப்பிட்ட களைப்பில் கண்ணயர்ந்திருந்தார். அதனால் சத்தியத்தின் பலம் குறையாது என்று விழித்த பிறகு அவரே சொன்னார். கூட்டிச் சொல்லும் பழக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் கிடையாது. குறைத்துச் சொல்வது உண்டு. அதுவும் ஆட்டுக் கணக்குக் கேட்டு வரி அதிகாரி வரும்போது மட்டும்.

லியோன் இரிபாரனுக்கு வேண்டியிருந்தது ஒரு பெட்டி தோட்டா. அவனுடைய காவல் நாய் கிக்கோ குளிர்காலத்தில் கிழமாகிச் செத்துப்போனது. அது இருந்தவரை கொயோட்டி நரிகள் மலைமேட்டிலேயே நின்று, கொட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போகும். அதன் இடத்துக்கு வந்த குட்டி நாயோ, ஆட்டுக்குட்டி தும்மினால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். இந்த நிலையில்தான் ஆடுகள் ஈனத் தொடங்கின. ஒரு செம்மறிக்காரனுக்கு வருஷம் முழுவதற்குமான சோறு அந்தச் சில வாரங்களில்தான் ஈரத்தோடு தரையில் விழுகிறது. விழுந்த குட்டி எழுந்து நிற்பதற்குள் கொயோட்டிகள் தூக்கிக்கொண்டு போயின. இந்த ஈத்து போனால் கிடையும் போகும். கிடை போனால் லியோனும் அவன் மனைவி மைட்டேயும் நகரத்தில் கோழி உரிக்கும் ஆலையில் வேலைக்கு நிற்க வேண்டியதுதான். மைட்டேக்குக் கோழி என்றாலே பிடிக்காது.

சமையலறைக் கதவுக்கு மேலே அப்பா பியெருடைய பழைய துப்பாக்கி தொங்கிக்கொண்டிருந்தது. லியோன் அதை இறக்கித் துடைத்து, எண்ணெய் போட்டு, வண்டியில் வைத்துக்கொண்டு டெல்பர்ட் ஸ்டகியின் கடைக்குப் போனான். தீவனம், உப்புக்கட்டி, வேலிக்கம்பி, தோட்டா எல்லாம் அங்கேதான் கிடைக்கும். டெல்பர்ட்டும் லியோனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாடத்தில் தோற்றவர்கள்.

"என்னடா, கிக்கோ போயிடுச்சாமே," என்றான் டெல்பர்ட்.

"போயிடுச்சு. ஒரு பெட்டி தோட்டா குடு."

"துக்கம் விசாரிக்கக்கூட விடமாட்டியா. சரி, அடையாள அட்டையக் குடு. இப்பல்லாம் இயக்ககத்தக் கேக்காம என்னால உப்புக்கட்டி மட்டும்தான் விக்க முடியும். அதுவும் எத்தன நாளைக்கோ."

இயக்ககம் என்றால் ஆயுதத் தகுதி உறுதிப்பாட்டு இயக்ககம். துப்பாக்கியோ தோட்டாவோ வாங்க வருகிற ஒவ்வொருவரின் பின்னணியையும் சோதித்து, இவன் நல்லவன் என்று மாநிலத்தின் சார்பில் ஒப்புக்கொள்வது அதன் வேலை. ஒப்புக்கொள்வதற்கு அது அவசரப்படுவதில்லை. 'எல்லோரையும் சந்தேகிப்போம், சமமாகச் சந்தேகிப்போம்' என்ற அதன் வாசகம் டெல்பர்ட்டின் கல்லாவுக்கு மேலே தொங்கியது. தொங்கவிடாத கடைக்காரர்களை அது சற்று அதிகமாகவே சந்தேகித்தது.

டெல்பர்ட் அட்டையை இயந்திரத்தில் செருகினான். இயந்திரம் முனகியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்ன சொல்லுது?"

"உன்கிட்ட துப்பாக்கியே இல்லையாம். துப்பாக்கி இல்லாதவனுக்குத் தோட்டா எதுக்குன்னு கேக்குது."

"வண்டியில இருக்கு. எடுத்துட்டு வந்து காட்டவா?"

"இதுக்கா? இதுக்கு ஏதுடா கண்ணு." டெல்பர்ட் குரலைத் தாழ்த்தினான். "வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இரு. இல்லைன்னு அரசாங்கம் சொல்லும்போது இருக்குன்னு நீ சொன்னா, அது தனிக் குத்தம்."

கோளாறு துப்பாக்கியில் இல்லை, பள்ளத்தாக்கின் பழக்கத்தில் இருந்தது. இங்கே, ஐரோப்பாவின் பாஸ்க் மலைநாட்டிலிருந்து ஆடு மேய்க்க வந்து குடியேறிய பாஸ்க்காரர்கள் யாரும் இறந்தவர் பெயரை எதிலிருந்தும் எடுப்பதில்லை. பியெர் இரிபாரன் கண்ணை மூடி இருபது வருஷமாகிறது. லாரி அவர் பெயரில் ஓடுகிறது, கிணறு அவர் பெயரில் ஊறுகிறது, ஆட்டு முதுகில் குத்துகிற சாய முத்திரையும் அவருடையதுதான். பெயரை மாற்றினால் பெரியவருக்கு மரியாதைக் குறைவு. அதோடு, பெயர் மாற்றப் போனால் வக்கீல் வருவார். வந்த வக்கீல் போகமாட்டார். துப்பாக்கியும் அப்படியே பியெர் பெயரில் கிடந்தது.

"இன்னொரு வழி இருக்கு," என்றான் டெல்பர்ட். "மலையத் தாண்டினா அடுத்த மாநிலம். அங்க பெட்ரோல் பங்க்ல பாலுக்கும் ரொட்டிக்கும் நடுவுல தோட்டா அடுக்கி வெச்சிருக்கான். சில்லறை இல்லைன்னா மிட்டாய்க்குப் பதிலா ரெண்டு தோட்டா குடுப்பான்."

"அத இங்க கொண்டுவரக் கூடாதே."

"கூடாதுதான். அதனாலதான் கெட்டவனுங்க மட்டும் அங்க போறானுங்க. நீ தலைநகருக்குப் போ."

லியோன் சட்டத்தை மீறாத வம்சம். அவன் அப்பா குடியுரிமை வாங்கும்போது நீதிபதி முன்னால் உயர்த்திய கையைச் சாகும்வரை முழுசாக இறக்கவேயில்லை என்று சொல்வார்கள். ஆகவே லியோன் தலைநகருக்குக் கிளம்பினான். கொட்டிலைக் காக்க மைட்டே ஒரு மண்வாரியோடு உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட துப்பாக்கி இல்லைங்கற சேதி கொயோட்டிங்களுக்கும் போயிருக்கும்போல," என்று மட்டும் சொன்னாள். "நேத்துலேர்ந்து பகல்லயே வருதுங்க."

இயக்ககத்தின் கட்டடம் பெரியது. வாசலில் நின்ற காவலாளி லியோனின் பெல்ட், தொப்பி, பல் எல்லாவற்றையும் சோதித்தான். காவலாளியின் இடுப்பில் பளபளவென்று தோலுறை ஒன்று இருந்தது. அதற்குள் பாதி சாண்ட்விச் இருந்தது.

"துப்பாக்கி எங்க?" என்று கேட்டான் லியோன்.

"விண்ணப்பம் உள்ள இருக்கு சார்," என்றான் காவலாளி, மாடியைக் காட்டி. "இந்தக் கட்டடம் திறந்த அன்னைக்குப் போட்டது. யாராவது திருடன் வந்தா நிக்கச் சொல்லிப் பார்ப்பேன். நல்லவனா இருந்தா நிப்பான்."

மேலே, கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஃபிலிஸ் டன் என்ற பெண்மணி இருந்தாள். இனிமையானவள், கேள்வித்தாளில் இல்லாத எதுவும் அவள் காதில் விழாது. லியோனுக்கு முன்னால் கார்ட் ஹல்சி என்ற சிவந்த கழுத்துக்காரன் ஒருவன் நின்றான். அவன் முஷ்டி இரண்டும் மூடியிருந்தன.

"என்ன காரணத்துக்காக வாங்கறீங்க சார்?" என்றாள் ஃபிலிஸ்.

"என் தங்கச்சி புருஷனச் சுடணும்."

"வேட்டை, விளையாட்டு, தற்காப்பு. இதுல எது?"

ஹல்சி நாணயமாக யோசித்தான். "அவன் ஓடுவான். வேட்டைன்னு போட்டுக்கங்க."

"வேட்டைன்னா பருவம் பார்க்கணும்." அவள் நாட்காட்டியைப் பார்த்தாள். "திறந்துதான் இருக்கு. உங்க மேல பழைய குற்றம் ஏதாவது?"

"இன்னும் இல்ல."

பச்சை விளக்கு எரிந்தது. பாதுகாப்பாகக் கையாள்வது எப்படி என்ற வண்ணப் புத்தகம் ஒன்றையும் அவன் கையில் இலவசமாகக் கொடுத்தாள். லியோன் வாயைத் திறந்தான்; 'வரிசையில் பேசாதீர்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அவன் முறை வந்தது. ஃபிலிஸ் திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மிஸ்டர் இரிபாரன், உங்க மேல ஒரு பதிவு இருக்கு. வாலிப வயசுல நெடுஞ்சாலையில கூட்டம் சேர்த்து மறியல் பண்ணியிருக்கீங்க. கலைஞ்சு போகச் சொல்லியும் கூட்டம் கலையல. தலைவர் நீங்க. உடன் இருந்தோர் ஆயிரத்து இருநூறு."

லியோனுக்கு நினைவு வந்தது. கோடை மேய்ச்சலுக்கு மந்தையை மலைக்கு ஓட்டிப் போகும்போது நெடுஞ்சாலையைக் கடந்தே ஆக வேண்டும். ஊர்க்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் காபி குடிப்பார்கள். அந்த வருஷம் கிழக்கிலிருந்து புதிதாக வந்த ரோந்துப் போலீஸ்காரன் ஒருவன், காபியும் இல்லாமல் பொறுமையும் இல்லாமல், அபராதச் சீட்டு கிழித்துவிட்டான். அவனுடைய சீட்டில் ஆட்டுக்கு இடம் இல்லை. ஆளுக்குத்தான் இருந்தது.

"அது ஆடுங்க, மேடம்."

"ஆடுன்னு இங்க இல்லையே. உடன் இருந்தோர்னுதான் இருக்கு. அவங்க பேரெல்லாம் சொல்ல முடியுமா?"

"ஒண்ணு ரெண்டுக்குத்தான் பேர் வெச்சோம்."

"ஒருத்தர்கூட இதுவரைக்கும் பிடிபடல. இப்ப எங்க இருக்காங்க?"

லியோன் பொய் சொல்லத் தெரியாதவன். "கொஞ்சத்த வித்துட்டோம். மிச்சத்தச் சாப்பிட்டுட்டோம்."

ஃபிலிஸின் விரல்கள் அந்தரத்தில் நின்றன.

"யாரு யாரு சாப்பிட்டீங்க?"

"நானும் அப்பாவும். ஞாயித்துக்கிழமைன்னா பாதிரியாரும் வருவாரு."

"எப்படி?"

"பூண்டு தட்டிப் போட்டு, அடுப்புல."

அதன் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. இயக்ககத்தில் காரியங்கள் வேகமாக நடந்தது அதுவே முதல் தடவை என்பதால் நிறைய பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். லியோனை ஒரு மனநல ஆய்வாளர் முன்னால் உட்கார வைத்தார்கள். ஆடுகள் உங்களோடு பேசுமா என்று கேட்டார் அவர். பேசும் என்றான் லியோன். என்ன செய்யச் சொல்லும்? தீவனம் போடச் சொல்லும். சொன்னால் செய்வீர்களா? செய்யாவிட்டால் கத்துமே. ஆய்வாளர் நெடுநேரம் எழுதினார். ஆயிரத்து இருநூறு பேர் காணாமல் போன வழக்கு என்று புதிதாக ஒரு கோப்பு திறக்கப்பட்டது. அதைக் கவனிக்க ஒரு பிரிவும், பிரிவுக்கு ஒரு தலைவரும், தலைவருக்கு ஒரு சன்னலும் ஒதுக்கப்பட்டன.

கடைசியில் துணை இயக்குநர் வென்டல் பிராக்ஸ்டனிடம் கொண்டுபோனார்கள். பிராக்ஸ்டன் உயரமானவர், நல்ல குரல் உள்ளவர், அந்தக் குரலை அவரே ரசித்துக் கேட்பவர்.

"உக்காருங்க. பயப்படாதீங்க. எங்கள எல்லாரும் தப்பாப் புரிஞ்சிக்கறாங்க," என்றார். "ஆபத்தானவங்களத் தடுக்கத்தான் இயக்ககம்னு நினைக்கறாங்க. ஆபத்தானவன் இங்க வருவானா சார்? வரிசையில நிப்பானா? அவன் தெருவுல வாங்கிக்கறான். இங்க வர்றது நல்லவங்க. கையில கிடைக்கறவங்களத்தான் சோதிக்க முடியும். கிடைக்காதவங்களச் சோதிக்கணும்னா வெயில்ல அலையணும். அதுக்குப் போலீஸ் இருக்கு."

"எனக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு. தங்கச்சி புருஷனச் சுடப் போறேன்னு சொல்லியே வாங்கிட்டுப் போனாரு."

"உண்மைய ஒளிக்காம சொன்னாரு பாருங்க. நாங்க எதிர்பார்க்கறது அந்த வெளிப்படைத்தன்மையத்தான்." பிராக்ஸ்டன் புன்னகைத்தார். "நீங்கதான் ஆடுன்னு சொல்லி மழுப்பறீங்க. அது போகட்டும். துப்பாக்கி யார் பேர்ல இருக்கு?"

"அப்பா பேர்ல. பியெர் இரிபாரன்."

பிராக்ஸ்டன் பெயரைத் தட்டினார். விரலை எடுப்பதற்குள் பச்சை விளக்கு எரிந்தது. பிராக்ஸ்டன் முன்னால் குனிந்தார். இன்னொரு தடவை தட்டினார். இன்னொரு தடவை பச்சை.

"இந்த மாதிரி ஒரு பின்னணிய நான் பார்த்ததே இல்ல. குடிப்பாரா?"

"விட்டுட்டாரு."

"வீட்டுல சண்ட சச்சரவு?"

"முன்ன உண்டு. இப்ப வாயே திறக்கறதில்ல."

"தூக்க மாத்திரை ஏதாவது?"

"அவருக்கு அதெல்லாம் தேவப்படல."

"அடிக்கடி வீடு மாத்துவாரா?"

"செத்தப்ப ஒரு தடவ மாத்தினாரு. அப்புறம் அதே இடந்தான்."

பிராக்ஸ்டன் மரியாதையாக எழுந்து நின்றார். தான் சொன்னது இப்போதாவது உறைத்திருக்கும் என்று லியோன் நினைத்தான். பிராக்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒளிவுமறைவில்லாம சொல்றேன், மிஸ்டர் இரிபாரன். செத்தவங்கதான் எங்களோட சிறந்த விண்ணப்பதாரருங்க. அவங்க கையால இதுவரைக்கும் ஒரு கொலை கிடையாது. கோவம் கிடையாது, மேல்முறையீடு கிடையாது, பத்திரிகைக்காரங்ககிட்ட பேசறது கிடையாது. எல்லாரும் உங்க அப்பா மாதிரி இருந்துட்டா இந்த மாநிலம் எவ்வளவு பாதுகாப்பா இருக்கும். அந்த நாளுக்காகத்தான் நாங்க உழைக்கறோம். தோட்டா உங்க அப்பாவுக்கு அனுமதிக்கப்படுது. வயசானவர், அலைய வேண்டாம். வீட்டுக்கே அனுப்பி வெக்கறோம். முகவரி சொல்லுங்க."

"மாதா கோவில் கல்லறை," என்றான் லியோன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். "ஜூனிப்பர் மரத்துக்குப் பக்கத்துல."

பிராக்ஸ்டன் அதைத் தட்டெழுதினார்.

லியோன் வீடு திரும்பியபோது மைட்டே மண்வாரியின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. கொட்டிலில் தாயாடு ஒன்று, இல்லாத குட்டியை அழைத்துக் கத்திக்கொண்டேயிருந்தது.

"கெடைச்சுதா?"

"அப்பாவுக்குக் கெடைச்சுது."

மைட்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப அவரே வந்து காவல் காக்கட்டும். எனக்கு முதுகு போச்சு."

இயக்ககத்தின் வண்டி சொன்ன வாக்குத் தவறாமல் கல்லறைக்கு வந்தது. அதிலிருந்து நாரிஸ் என்ற விநியோக அலுவலர், கவச உடையோடு, இரண்டு கைகளாலும் ஒரு சின்னப் பெட்டியை ஏந்திக்கொண்டு இறங்கினார். ஜூனிப்பர் மரத்தைக் கண்டுபிடித்தார். கல்லில் பெயரைச் சரிபார்த்தார். தொப்பியைக் கழற்றாமல், விரல் முட்டியால் கல்லைத் தட்டினார்.

"மிஸ்டர் பியெர் இரிபாரன்? உங்களுக்கு ஒரு பொருள் வந்திருக்கு."

லியோன் அங்கேதான் நின்றிருந்தான். பெட்டிக்கும் அவன் கைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"நான் அவரு மகன். எங்கிட்ட குடுத்துடுங்க."

"மகனுக்குத் தகுதி மறுக்கப்பட்டிருக்கு சார். குடுத்தா நானும் உள்ள போகணும், நீங்களும் உள்ள போகணும்."

"அப்ப கல்லு மேல வெச்சிட்டுப் போங்க."

"கையெழுத்து வேணுமே." நாரிஸ் மறுபடி தட்டினார். காத்திருந்தார். "வெளிய போயிருக்காரா?"

"இல்ல. உள்ளதான் இருக்காரு."

"ஏன் வரமாட்டேங்கறாரு?"

"வர்றதா இருந்தா என் கல்யாணத்துக்கே வந்திருப்பாரு," என்றான் லியோன். அவனும் மைட்டேயும் கொஞ்சம் தாமதமாகக் கட்டிக்கொண்டவர்கள்.

நாரிஸ் தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துக் கல்லில் ஒட்டினார். 'நாங்கள் வந்தபோது தாங்கள் இல்லை. வருந்துகிறோம்.' அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்று அட்டைகள் ஒட்டியதும் பெட்டி கிடங்குக்குத் திரும்பிப் போனது. பியெர் இரிபாரன் ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பெழுதப்பட்டது. ஒத்துழைக்காததால் அவரது தகுதி குறைக்கப்படவில்லை. அடக்கமானவர் என்று கூட்டப்பட்டது.

லியோன் டெல்பர்ட்டின் கடைக்குப் போய் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தான். தொலைக்காட்சியில் துணை இயக்குநர் பிராக்ஸ்டன் பேசிக்கொண்டிருந்தார். தலையைச் சுற்றிக் கட்டு. வலது காது இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு.

"இவருக்கு என்னாச்சு?"

"உனக்குத் தெரியாதா? மச்சான் ஒருத்தன் சுட்டுட்டானாம்," என்றான் டெல்பர்ட். "கார்ட் ஹல்சின்னு பேரு. இவரு கட்டியிருக்கறது அவன் தங்கச்சிய."

பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், உங்கள் சோதனை தோற்றுவிட்டதா என்று. பிராக்ஸ்டன் பஞ்சைத் தடவிக்கொண்டார்.

"சோதனை தோக்கல. சுட்டவரோட குறிதான் தோத்தது," என்றார். "ஏழு அடி தூரத்துலேர்ந்து சுட்டும் காதுலதான் பட்டிருக்கு. இது எதக் காட்டுது? குறி தெரியாதவங்களுக்கு மட்டுந்தான் எங்க அனுமதி போய்ச் சேருதுன்னு காட்டுது. அதோட, அவரு விண்ணப்பத்துல சொன்னபடியேதான் நடந்துக்கிட்டாரு. பொய்த் தகவல் ஒண்ணுகூடக் குடுக்கல. இந்த நேர்மைய எல்லாரும் பின்பற்றணும். நாங்க இப்ப முழு கவனத்தையும் வேற ஒரு ஆள் மேல வெச்சிருக்கோம். ஆயிரத்து இருநூறு பேரப் பூண்டு போட்டுச் சாப்பிட்டவரு."

டெல்பர்ட் தொலைக்காட்சியை அணைத்தான்.

"மேல்முறையீடு பண்ணு," என்றான் டெல்பர்ட். "நேர்ல கிடையாது. போன்லதான். ஆனா எடுக்கற வரைக்கும் வெச்சிடக் கூடாது. வெச்சிட்டா மொதல்லேர்ந்து."

அப்படித்தான் இயக்ககம் இரிபாரன் கொட்டிலுக்குள் வந்தது. லியோன் எண்ணைச் சுழற்றினான், மணி அடித்தது, ஒரு வயலின் எழுந்து, நோய் கண்டதுபோல் இழுத்தது, அதன் மேல் பிராக்ஸ்டனின் பதிவு செய்த குரல் இறங்கியது. ஈத்து நடக்கும்போது சமையலறையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார யாருக்கு நேரம்? மைட்டே கம்பியை இழுத்து, முற்றத்தைத் தாண்டி, கொட்டிலின் நடுத்தூணில் போனைக் கட்டி, ஒலியைக் கூட்டிவிட்டாள். இரண்டு பேரும் முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு ஆடுகளிடம் போனார்கள்.

"காத்திருங்கள்," என்றது குரல். "உங்கள் பொறுமையும் ஒரு தகுதிச் சோதனையே. எங்கள் இயக்ககத்தின் நோக்கங்கள் பதினான்கு. முதலாவது நோக்கம், நோக்கங்களை வகுத்தல்."

விடியற்காலையில் கொயோட்டிகள் வந்தன. வேலிவரை வந்து நின்றன. வயலின் இழுத்தது. குரல் மூன்றாவது நோக்கத்தை விளக்கிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற கிழட்டுப் பெண்நரி தலையைச் சாய்த்துக் கேட்டது; காதை மடித்தது; பிறகு, பெரிய பாவம் ஏதோ செய்துவிட்டதுபோல் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தது. மற்றவை பின்னால் போயின. அடுத்த நாள் மலைமேடுவரை வந்தன. அதற்கடுத்த நாள் மலைமேட்டில் காது நுனிகள் மட்டும் தெரிந்தன. துப்பாக்கியைக் கண்டு அஞ்சாத, பொறியைத் தோண்டியெடுத்து அதன் மேலேயே மூத்திரம் பெய்துவிட்டுப் போகிற ஜாதி அது. எட்டாவது நோக்கத்துக்கு அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

குட்டிகள் விழுந்தன, நின்றன, பால் குடித்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. தாயாடுகள் குரலுக்குப் பழகிவிட்டன. அது இடைவெளி விட்டால்தான் அசைபோடுவதை நிறுத்தின. குட்டி நாய்கூடத் தண்ணீர்த் தொட்டியின் பின்னாலிருந்து வெளியே வந்து, வயலினோடு சேர்ந்து ஊளையிடப் பழகியது. மலைக்கு அந்தப் பக்கத்து மாநிலத்தில் மட்டும், எங்கிருந்தோ புதிதாகக் கொயோட்டிகள் வந்துவிட்டதாக ஒரே புகார்.

ஒரு நாள் காலை வயலின் பாதியில் அறுந்தது.

"மிஸ்டர் இரிபாரன்? காத்திருந்ததுக்கு நன்றி. நான் ஃபிலிஸ் டன் பேசறேன். உங்க மேல்முறையீட்ட ஏத்துக்கிட்டாங்க. காணாமப் போன ஆயிரத்து இருநூறு பேர்ல ஒருத்தர்கூட வந்து புகார் குடுக்கல. அதனால உங்க மேல தப்பில்லைன்னு முடிவாயிடுச்சு. நீங்க ஒரு பெட்டி தோட்டா வாங்கிக்கலாம்."

கொட்டில் அமைதியாக இருந்தது. அத்தனை வாரத்தில் அப்படி ஓர் அமைதி அங்கே வந்ததில்லை. மைட்டே ஒரு தாயாட்டின் பின்னால் மண்டியிட்டிருந்தாள்; குட்டியின் முன்னங்கால்கள் இரண்டும் வெளியே வந்திருந்தன. லியோன் கதவு வழியாக வெளியே பார்த்தான். மலைமேட்டில் ஒரு ஜோடி காது எழுந்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடி. பிறகு வரிசையாக.

"லியோன்," என்றாள் மைட்டே, தலையைத் தூக்காமல். "அந்தம்மாகிட்ட கேளு."

"என்னன்னு?"

"என்னன்னு உனக்குத் தெரியும். சீக்கிரம்."

லியோன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மேடம், ரொம்ப நன்றி. ஒரு சின்ன உதவி. எங்கள மறுபடியும் காத்திருப்புல போட முடியுமா?"

"என்ன சார் சொல்றீங்க?"

"அந்த வயலினு. அந்தப் பேச்சு. குட்டிங்க புல்லு மேயற வரைக்கும் போதும்."

காதுகள் மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கின. இப்போது முகங்களும் தெரிந்தன.

"இங்க வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து இத யாரும் எங்கிட்ட கேட்டதில்ல," என்றாள் ஃபிலிஸ். "ஆனா தகுதி கெடைச்சவங்களக் காத்திருக்க வெக்க எனக்கு அதிகாரம் இருக்கான்னு தெரியலையே. இருங்க சார், மேல கேட்டுட்டு வர்றேன்."

அவள் போனாள். வயலின் எழுந்தது. "காத்திருங்கள்," என்றது பிராக்ஸ்டனின் குரல். மேட்டுச் சரிவில் முகங்கள் திரும்பின, வால்கள் தெரிந்தன, பிறகு புல் மட்டும் தெரிந்தது. மைட்டே இழுத்த இழுப்பில் குட்டி வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்து, தலையை உதறி, தும்மியது.

ஃபிலிஸ் இன்னும் திரும்பி வரவில்லை. இயக்ககம் தன் ஆண்டறிக்கையில், சேவையில் முழு மனநிறைவு அடைந்த விண்ணப்பதாரர் என்று லியோன் இரிபாரனின் படத்தைப் போட்டிருக்கிறது. கொயோட்டித் தாக்குதல் குறைந்ததும் பின்னணிச் சோதனையின் சாதனைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

பிட்டர் கிரீக் பள்ளத்தாக்குக்கு இன்றுவரை தொலைபேசி இணைப்பு வந்ததில்லை.